தாவீது நடந்த தூரம்

கன்னியம்மாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் காலனியில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமனாருக்கு மூத்திரத் துணி அலசுகிறவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்ட இருவரும் தம் வீட்டில் குடித்த டம்ளரைக்கூடக் கழுவிக் கவிழ்த்தவர்கள் இல்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் ஈஸ்வரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் கேன்டீனில் வேலை செய்கிறேன். கன்னியம்மா எனக்கு அடுத்த வீடு. நடுவில் பூசாத ஒற்றைச் சுவர்தான். அங்கே கிழவர் இருமினால் இங்கே என் தூக்கம் போகும். அவள் புருஷன் சாம்சனுக்கும் அதே ஆலையில்தான் ஷிப்டு. ஆகையால் வீட்டுக்குள் நடந்ததும் எனக்குத் தெரியும், ஆலை கேட்டில் நடந்ததும் தெரியும். வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கன்னியம்மா பிறந்த ஊர் ஆரணி. பட்டுப்புடவை ஆரணி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் உடம்புக்குப் பட்டு எங்கே வந்தது? இது பொன்னேரிப் பக்கத்து ஆரணி. பள்ளிக்கூடம் போன நாளைவிட அடுத்தவர் வயலில் நாற்று நட்ட நாள் அவளுக்கு அதிகம். கல்யாணமாகி இங்கே வந்ததும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஜன்னலோரம் இவளுக்கென்று ஒரு இடம் உண்டு. வேனுக்குள் அவள் சிரிக்கிற சத்தம் தெருமுனைவரை கேட்கும்.

மாமனார் தாவீதுக்கு ஒரு நாள் இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. சர்க்கரை ஏற்கெனவே இருந்தது. மனிதர் வாலிபத்தில் பண்ணை வயலில் உழைத்தவர், சிப்காட் வந்ததும் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். அப்படிப்பட்ட உடம்பைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தது. கன்னியம்மா உள்ளே கிழவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். நீ வேலையை விடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வேன் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

அதற்குப்பின் அவள் உலகம் ஒரு கட்டிலும் ஒரு வாளியும்தான். அவள் மகள் ஜெபாவை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்குக் கைக்குழந்தை. சாம்சன் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவான். அப்பாவைத் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் வீட்டில் தானாக நடக்கிற காரியம் என்று நினைக்கிறவன், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வருவது மாதிரி அவனுக்கு அது.

தாவீதுக்கு வலது கால் நன்றாக இருந்தது. அந்தக் காலை ஊன்றி, கன்னியம்மாவின் தோளில் கை போட்டு, பின்பக்கம் இருக்கும் கக்கூஸ்வரைக்கும் போய்விடுவார். பெட்டிலேயே பாத்திரம் வைக்கிறேன் என்றால் கிழவருக்குக் கோபம் வரும். அந்த வலது கால் இருக்கிறவரைக்கும் அவர் மனிதர். அது போய்விட்டால் அந்தப் பெரிய உடம்பு முழுவதும் இவள் தலையில்தான். இது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அந்தக் காலை அவள் தினம் வெந்நீரில் துடைத்து, விரலிடுக்கெல்லாம் பார்த்து, எண்ணெய் தடவுவாள்.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளையின் ஆட்கள் எங்களைக் கரையேற்ற வந்தார்கள். 'முதுமைத் துணை' என்று ஃபோனில் ஓர் ஆப். சமுதாயக் கூடத்தில் மேடை போட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு மேடம் வந்து பேசினார். உங்கள் வீட்டுப் பெரியவர் இனிமேல் எங்கள் உள்ளங்கையில் இருக்கிறார் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தாவீதை ஒரு வேளை புரட்டிப் போட்டால் அந்த உள்ளங்கை மணிக்கட்டோடு சுளுக்கிக்கொள்ளும்.

எங்கள் பகுதிக்கு 'நலத் தோழர்' என்று விமலைப் போட்டார்கள். டிப்ளமா படித்தவன், கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது, வேலை இல்லாமல் இருந்தவன். கையில் டேப்லட் வந்ததும் அவன் நடையே மாறிவிட்டது. வீடு வீடாக வந்தான். ஒரு பெரியவருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒரு டச் ஃபோன் நம்பர், அதுதான் சட்டம். கட்டிலில் கிடந்த தாவீதிடம், பெரியவரே உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டான். கன்னியம்மா அப்போது அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிழவர் கொஞ்சமும் யோசிக்காமல், எம் புள்ளதான் என்றார். ஊருக்கு முன்னால் ஆம்பளைப் பிள்ளையை விட்டுக்கொடுப்பாரா? கன்னியம்மாவிடம் இருப்பதோ பட்டன் ஃபோன். விமல் சாம்சன் பெயரை ஏற்றிக்கொண்டு, அவள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனான்.

சாம்சனின் ஃபோன் எங்கே இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் ஆலையில் முன்பு யாரோ உள்ளே நடந்த விபத்தைப் படம்பிடித்து வெளியே விட்டுவிட்டான். அன்றிலிருந்து வேலைக்காரர்கள் ஃபோனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். செக்யூரிட்டி சின்னராசுவின் முதுகுக்குப் பின்னால் கம்பிவலைக் கதவு போட்ட அலமாரி இருக்கிறது. டோக்கன் கொடுத்தால் ஃபோன், இல்லாவிட்டால் இல்லை. அதாவது தாவீதின் பராமரிப்பாளர் ஷிப்டு முடிகிறவரைக்கும் கம்பிவலைக்குள் கிடப்பார். சென்னைக்காரர்கள் இதை விசாரிக்கவில்லை. சிப்காட்டில் வந்து திட்டம் போடுகிறவனுக்கு இது தெரியாதென்றால் அவனுக்கு வேறு என்ன தெரியும்?

சாயங்காலம் கேட்டைத் தாண்டி வந்து ஃபோனை வாங்கினால், அன்பு அன்பாகச் செய்தி வந்திருக்கும். அன்புள்ள பராமரிப்பாளரே, உங்கள் சேவை மகத்தானது. ஆழமாக மூச்சு விடுங்கள். உங்களுக்குப் பிடித்த இசையைக் கேளுங்கள். சாம்சன் அதை டீக்கடையில் உட்கார்ந்து படிப்பான். ஒரு நாள் நிஜமாகவே கண்ணை மூடி மூச்சு இழுத்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் கன்னியம்மா புழக்கடையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு மூச்சுவிட யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அதோடு விட்டார்களா? பெரியவர்கள் கையில் கட்ட ஒரு கறுப்புப் பட்டை கொடுத்தார்கள். எத்தனை அடி நடக்கிறார்கள் என்று அது எண்ணிச் சென்னைக்குச் சொல்லுமாம். எழுந்திருக்கவே ஆள் வேண்டியிருக்கிற மனிதருக்கு அடி எண்ணும் பட்டை. தினமும் சாம்சனுக்குச் செய்தி வரும், உங்கள் பெரியவர் இன்று நடக்கவில்லை, ஊக்கப்படுத்துங்கள் என்று. பேருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம். அதை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பார்ப்பார்கள். சாம்சனுக்கு அவமானமாகப் போய்விட்டது. அப்பாவின் பீயைத் தொடாததற்கு வராத அவமானம், சிவப்பு வட்டத்துக்கு வந்தது.

விமலுக்கும் நெருக்கடி. அவன் பகுதி முழுவதும் சிவப்பாக இருக்கிறது, மேலே இருந்து திட்டு. அவன்தான் வழி சொன்னான். "அண்ணே, யாராச்சும் கட்டிகினு நடங்க. பட்டைக்கு இன்னா தெரியும்?"

அவ்வளவுதான், காலனியே பிடித்துக்கொண்டது. ஃபோனைத்தான் கேட்டில் வாங்குவார்கள், கைப்பட்டையை யார் கேட்கிறார்கள்? சாம்சன் அப்பாவின் பட்டையைக் கட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனான். எதிர்வீட்டுக் கோபால் தன் அம்மாவின் பட்டையைக் கட்டிக்கொண்டு செங்கல் சுமந்தான். ஒரு வாரத்தில் எங்கள் பகுதி பச்சையாகிவிட்டது. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தவர்களுக்கு எங்கள் கிழடுகளெல்லாம் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை ஊரைச் சுற்றிவருவதாகத் தெரிந்திருக்கும். ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா? வரவில்லை. பாராட்டுச் செய்தி அனுப்பினார்கள்.

கன்னியம்மா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பட்டை போனால் போகிறது, கிழவரின் கை வேர்க்காமலாவது இருக்கும் என்றாள்.

ஒரு நாள் காலையில் அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். தாவீதின் வலது காலில், சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் ஈரமாக ஒரு கறுப்பு. அழுத்திப் பார்த்தாள், கிழவருக்கு வலியே இல்லை. வலித்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்கமாட்டாள். சர்க்கரைக்காரருக்கு வலிக்காத புண் என்ன செய்யும் என்று எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்று சாம்சனிடம் சொன்னாள். அவனுக்கு லீவு கிடைக்காது. ஆப் எதற்கு இருக்கிறது என்று காலைப் படம்பிடித்து அனுப்பினான். சாயங்காலம் ஃபோனைத் திரும்ப வாங்கியபோது ஆப்பின் டாக்டரம்மாவிடமிருந்து பதில் வந்திருந்தது. வீட்டுக்கு வந்து அதை அவன் மெல்லிய குரலில் படித்தான். பெரியவர் அளவுக்கு அதிகமாக நடப்பதால் ஏற்பட்ட கொப்புளம். வசதியான செருப்பு அணியச் சொல்லுங்கள். நடையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

கன்னியம்மா அவன் முகத்தையே பார்த்தாள். "யாரு நடந்தது?" என்று கேட்டாள்.

 டாக்டரே சொல்லிவிட்டார், இரண்டு நாள் பார்க்கலாம் என்று சொல்லிச் சாம்சன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.  வெளியே சொன்னால் பட்டைத் திருட்டும் வெளியே வருமே. கிழவர் அதற்கு மேல். சென்னை டாக்டர் கொப்புளம் என்றபிறகு இவள் யார் புண் என்று சொல்ல? ஆட்டோ கொண்டுவருகிறேன் என்றால் வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். படிக்காத மருமகள் பேச்சைவிட, முகம் தெரியாத டாக்டரின் பேச்சு அவருக்கு வேதவாக்கு. இரண்டு ஆம்பளைகளுக்கும் அந்த ஆப்பின் பொய் சௌகரியமாக இருந்தது. கறுப்பு மட்டும் யார் சொன்னதையும் கேட்காமல் பரவிக்கொண்டிருந்தது.

சொன்ன டாக்டரே மாற்றிச் சொன்னால்தான் இந்த மனிதர் அசைவார் என்று கன்னியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் சாம்சன் பல் தேய்க்கும்போது ஃபோனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நான் கூடப் போய்க் கிழவரின் காலைப் படம் எடுத்துக் கொடுத்தேன். ஆப்பில் பேசி அனுப்ப ஒரு பொத்தான் இருக்கிறது; அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள். கால் கறுப்பாகிறது, நாற்றம் வருகிறது, டாக்டரம்மா நேராகப் பேசவேண்டும் என்றாள். பிறகு ஃபோனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். சாம்சன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டையையும் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

நாஷ்டா நேரம் முடிந்து கேட்டுக்கு டீ கொண்டுபோனேன். சின்னராசு எரிச்சலில் இருந்தான். சாம்சனின் ஃபோன் காலையிலிருந்து ஓயாமல் கத்துகிறதாம், பேஜாராக இருக்கிறதாம்.  உடனே என் டோக்கனைக் கொடுத்து என் ஃபோனை வாங்கி, கன்னியம்மாவின் பட்டன் ஃபோனுக்குச் சொன்னேன். கோபாலின் அம்மாவைக் கிழவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இருந்த நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அவள் வந்துவிட்டாள். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது.

சின்னராசு சட்டம் பேசினான். டோக்கன் இல்லாமல் ஃபோன் தரக்கூடாது, ஷிப்டு நடுவில் ஆளைக் கூப்பிடக்கூடாது, கேட்டில் பொம்பளைகள் நிற்கக்கூடாது. அவன் சட்டத்தில் கிழவரின் கால் எங்கேயும் இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும், அப்படி வந்தது எனக்கு. கன்னியம்மா சண்டை போடவில்லை.

"ஃபோன் எனக்கு வேணாண்ணா. டாக்டரு பேசறது மட்டும் போதும். நீயே கையில புடிச்சிக்கோ, நான் இங்கேர்ந்தே பேசறேன்" என்றாள்.

அப்போது மறுபடியும் அடித்தது. சின்னராசு இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு கம்பிவலையைத் திறந்து, ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு நீட்டிப் பிடித்துக்கொண்டான். முகத்தை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான், அவன் வேலை அவனுக்கு.

டாக்டரம்மாவின் குரல் இளசு. பராமரிப்பாளர் சாம்சனா என்று கேட்டார். இல்லை, மருமகள் என்றாள் கன்னியம்மா. பதிவு செய்த பராமரிப்பாளரிடம்தான் பேச முடியும் என்றது குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கிறவள் நான்தான், கேளுங்கள் என்று கன்னியம்மா அதே நிதானத்தில் சொன்னாள். டாக்டரம்மா கொஞ்சம் கடிந்துகொண்டார். இந்தக் காலோடு பெரியவரை ஏன் இவ்வளவு நடக்கவிடுகிறீர்கள், இன்றைக்கும் காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறாரே, திரையில் எனக்குத் தெரிகிறதே என்றார்.

கன்னியம்மா ஆலைப்பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"அவரு நடக்கலம்மா. அந்தப் பட்டைய எங்க ஊட்டுக்காரரு கட்டிகினு உள்ள நடந்துகினு கீறாரு. மாமா கட்டில்ல கீறாரு. ஒரு பக்கம் இழுத்துகினு போயிட்சி. நிக்கறதுக்கு அவருக்கு அந்த ஒரு காலுதான் கீது. அதான் இப்போ கருப்பாவுது."

 சின்னராசு திருப்பிவைத்திருந்த முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். பிறகு டாக்டரம்மா, இன்றைக்கே, இப்போதே கூட்டிப்போங்கள், கால் தரையில் படக்கூடாது என்றார். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்குக் காட்டியது அந்தத் திரைதான். கன்னியம்மா தன் பட்டன் ஃபோன் நம்பரைச் சொல்லி, இதையே மாமாவிடமும் சொல்லுங்கள், உங்கள் பேச்சைத்தான் கேட்பார் என்றாள். அவள் வீடு போய்ச் சேர்ந்ததும் டாக்டரம்மா சொன்னபடியே கூப்பிட்டார். கிழவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கட்டில் சட்டத்தை விட்டார்.

சின்னராசு என்ன நினைத்தானோ, உள்ளே சொல்லி அனுப்பிச் சாம்சனை வரவழைத்தான். கிழவரை ஏற்றிய ஆட்டோவோடு கேட்டில் வந்து நின்றவளின் எதிரில் அவன் வந்தபோது பட்டை கையிலேயே இருந்தது. அவள் அதை ஒரு தடவை பார்த்தாள், அவன் கழற்றிப் பையில் போட்டான்.  பொன்னேரி போய், அங்கிருந்து சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் மிஞ்சியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தவள் கன்னியம்மா. வீட்டுக்கு வந்தபிறகு தினம் காலையும் மாலையும் கட்டு மாற்றியவளும் அவள்தான். சீழ் வாடை தாங்காமல் சாம்சன் அந்த நேரத்தில் வாசலுக்குப் போய்விடுவான். இரவில் கிழவர் அந்தக் காலை எங்காவது இடித்துக்கொள்வாரோ என்று அவள் கண்ணை மூடுவதே இல்லை. கன்னம் ஒட்டிப்போய், பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள். நான் எழுப்பாமல் வந்துவிடுவேன்.

இரண்டு மாதம் கழித்து விமல் மறுபடியும் வந்தான், பல்லெல்லாம் தெரிய. எங்கள் பகுதியின் சிறந்த பராமரிப்பாளர் சாம்சனாம். அதிக நடை, அதிகச் செய்தி படித்தது, எல்லாவற்றையும் கூட்டி மெஷினே தேர்ந்தெடுத்ததாம். அந்த டாக்டரம்மா உண்மையைக் கேட்டாரே, யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அது வேறு பிரிவு என்றான். ஒரே கட்டடத்தில் இரண்டு பிரிவுக்கு ஒரு கிழவரின் காலைப் பற்றிப் பேசிக்கொள்ள முடியவில்லை, இவர்கள் ஊர் ஊராகக் கிழவர்களை இணைக்கிறார்கள். சாம்சன் முதலில் வேண்டாம் என்றான். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தோண்டுவார்கள் என்று விமல் காதைக் கடித்தான். அதற்குப்பின் சாம்சன் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தான்.

அதே சமுதாயக் கூடம், அதே மேடம், வேறு காட்டன் புடவை. ஜெபா குழந்தையோடு வந்து தாத்தாவின் பக்கத்தில் இருந்ததால் கன்னியம்மாவும் வந்தாள்; பெண்கள் வரிசையில் என்னோடு உட்கார்ந்தாள். சாம்சனுக்குச் சால்வை போட்டார்கள். மேடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு மகன் தந்தையின் புண்ணைத் தன் கையால் கழுவிக் கட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்றார். கைதட்டினார்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், அப்பாவுக்கு எந்தக் காலில் புண் என்று மைக்கை அவனிடம் கொடுத்தார்.

சாம்சன் கொஞ்சம் விழித்தான். காலைப் படம்பிடித்தது ஒரே ஒரு தரம், அதற்குப்பின் கட்டு மாற்றும் நேரமெல்லாம் அவன் வாசலில்தான். அப்பாவுக்கு விளங்காத கால் இடது என்று அவனுக்குத் தெரியும். கெட்டுப்போனது அதுவாகத்தானே இருக்கும்?

"லெஃப்ட் காலு, மேடம்" என்றான்.

அதற்கும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் கன்னியம்மா எழுந்து நின்றாள். அவள் எழுந்ததை நான்கூட முதலில் கவனிக்கவில்லை.

"வலது காலு" என்றாள். குரல் பெரிதாக இல்லை, ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. "ரெண்டு வேளையும் நான்தான் கட்டறேன். எனக்குச் சால்வை வேணாம் மேடம், ஃபோனும் வேணாம். டெய்லி ஒரு மணி நேரம் அவர பாத்துக்க ஒரு ஆள அனுப்புங்க. நான் தூங்கணும்."

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் கலையவில்லை, பழக்கம். மிக முக்கியமான கருத்து, பதிவு செய்துகொள்கிறோம், அடுத்த கட்டத்தில் பரிசீலிப்போம் என்றார். விமல் எதையோ டேப்லட்டில் தட்டினான். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். சாம்சன் சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினான். அவன் காது மடல் சிவந்திருந்தது. வீடுவரைக்கும் அவளுக்குப் பின்னாலேயே நடந்து வந்தான்.

அறக்கட்டளையிலிருந்து ஆள் வரவில்லை. வருவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்சன் சபைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். சுவர் வழியாகக் கேட்டது. "நீ போய்ப் படு. இன்னிக்கி அப்பாவுக்கு நான் கட்டறேன்" என்றான். நான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். கன்னியம்மா உள்ளறைக்குப் போய்ப் பாயை விரித்தாள். படுத்ததும் குறட்டைச் சத்தம் வந்தது, அவ்வளவு பசி அந்தத் தூக்கத்துக்கு.  தெருவில் கத்திக்கொண்டு வந்த மீன்காரனைக்கூட நான் கையைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னேன்.

சோறு பொங்கி வடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. சாம்சன் உள்ளறை வாசலில் நின்று அவளை எழுப்பினான். பஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டான். அவள் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். கத்தரிக்கோல் எங்கே என்றான், அதையும் கொடுத்தாள். மருந்துத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்றான். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கிழவரின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.